அம்மம்மாவின் குளிசைப் போத்தலும் எங்கட அரசியலும்



"ஒபியோயிட் நெருக்கடி" என்றதும் கண்ணுக்கு முன்னால வாற படம் எது? டவுன்டவுன் ஒழுங்கை, ஊசி, இருபத்தைந்து வயதுப் பெடியன். அந்தப் படத்தில் எழுபது வயது அம்மம்மா இல்லை. கனடாவில் 2016க்குப் பிறகு ஒபியோயிட் நஞ்சேறி இறந்தவர்கள் 50,000க்கும் மேல். அவர்களில் முதியவர்களும் இருக்கினம். அவர்களுக்காகப் பதாகை பிடிக்க மட்டும் ஆள் இல்லை.

ஆனால் இந்த நெருக்கடி தெருவில் தொடங்கேல்லை, வைத்தியரின் மேசையில் தொடங்கினது. பர்டூ நிறுவனம் 1996இல் ஒக்சிகொன்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அடிமையாக்கும் ஆபத்துக் குறைவு என்று சொல்லித்தான் விற்றது. அது பொய் என்று 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் திரும்பவும் ஒப்புக்கொண்டது. முதலாளிக் குடும்பமான சாக்லர்களில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகேல்லை.

அந்தக் குளிசையை எடுத்தது ஆர்? ஃபக்டரி லைனில் நின்று நாரி போனவர்கள். ஹோட்டல் அறை துடைத்து முழங்கால் தேய்ந்தவர்கள். அப்போது நாற்பதுகளில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டீற்றுது. பிறகு காற்று மாறியது. அள்ளிக் கொடுத்த வைத்தியர்களில் பலர் பயந்துபோய் அளவைத் திடீரெனக் குறைத்தார்கள், சிலர் அடியோடு நிறுத்தினார்கள். அப்படிச் சட்டென நிறுத்துவது தற்கொலை வரை கொண்டுபோய் விடலாம் என்று 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. நேற்றுவரை "நோயாளி", இன்றைக்கு "அடிமை". குளிசையும் அதே, ஆளும் அதே.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ. நீண்டகாலம் எடுத்த உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, கெடுதல் தெரிந்தும் கட்டுப்படுத்த முடியாமல் போவது வேறு. இரண்டாவதுதான் நோய். அந்த நோய்க்கு மருந்து இருக்கு. மெதடோன் சிகிச்சை பற்றிய முதல் ஆய்வு 1965இல் நியூயோர்க்கில் இருந்து வந்தது. பிறகு புப்ரனோர்பின் வந்தது. இரண்டுமே சாவைக் குறைக்கும். முதியவர்களுக்கு முதலில் புப்ரனோர்பினைப் பாருங்கோ என்று 2019இல் வெளிவந்த கனடிய வழிகாட்டி சொல்லுது. காரணம் எளிது: அது மூச்சை அடக்குவதற்கு ஓர் எல்லை இருக்கு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கலாம். மெதடோன் இதயத்துடிப்பைக் குழப்பலாம், வேறு மருந்துகளோடும் மோதும்.

ஒன்ராறியோவில் 65 வயதைத் தாண்டினவர்களுக்கு இந்த மருந்துகள் அரச மருந்துத் திட்டத்திலேயே கிடைக்கும். அப்ப ஏன் எங்கட சனத்துக்குப் போய்ச் சேருதில்லை?

முதலாவது, ஒருத்தரும் கேட்கிறதில்லை. விழுந்தால், மறந்தால், பகலில் தூங்கி வழிந்தால், "வயசு போட்டுது" என்று முடிச்சுவிடுவினம். மருந்து கிடைக்காமல் வியர்த்து, வயிற்றாலடித்து, நித்திரையில்லாமல் கிடந்தால் "காய்ச்சல்" என்பினம்.

இரண்டாவது, மொழி. கிளினிக்கில் மொழிபெயர்க்கிறது மகள், இல்லாட்டிப் பேரன். "இந்தக் குளிசை இல்லாமல் என்னால இருக்க ஏலாது" என்று பேரனின் வாயால் எந்தத் தாத்தா சொல்லுவார்? இது கூச்சம் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் காசு ஒதுக்காத அமைப்பு அந்தச் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டுது.

மூன்றாவது, கதவுகள். ஒவ்வொரு நாளும் பார்மசிக்கு வந்து கண்முன்னால் மெதடோன் குடி என்கிற முறை, பனியில் வோக்கரோடு நடக்கிறவரை நினைச்சுப் போட்டது இல்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் இன்னும் மோசம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயாரும் 1965இல்தான் பிறந்தது. ஆனால் மெதடோன் கிளினிக் செலவை அது கொடுக்கத் தொடங்கியது 2020இல். ஐம்பத்தைந்து வருசம்! இந்த மருந்தில் இருக்கிறவர்களைச் சேர்க்க மறுத்த முதியோர் இல்லங்கள் மீது, மாற்றுத்திறனாளர் சட்டத்தின் கீழ் மாசசூசெட்ஸில் நடவடிக்கை எடுக்கவேண்டி வந்தது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று கோயில் மண்டபத்தில் சொல்லுவினம். பிரஷர் குளிசையை நாள்தோறும் எடுக்கிறவரை ஆரும் அப்படிச் சொல்லுறதில்லை. "போற வயசில ஏன் இந்தக் கரைச்சல்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: ஒருவரின் உயிருக்குப் பெறுமதி குறையும் வயதை ஆர் தீர்மானிச்சது? உழைக்கும்வரை மனுசர், ஓய்ந்தால் செலவு என்பது முதலாளியின் கணக்கு. அதை எங்கட வாயால் சொல்லக்கூடாது.

எங்கட கோரிக்கைகள்:

• முதியோர் பராமரிப்பு இல்லம் ஒவ்வொன்றிலும் புப்ரனோர்பின் சிகிச்சை. அந்த மருந்தில் இருப்பதற்காக ஒருவருக்கும் இடம் மறுக்கக்கூடாது.

• திடீர் நிறுத்தம் வேண்டாம். அளவைக் குறைப்பதென்றால் நோயாளியின் சம்மதத்தோடு, மெதுவாக, நோவுக்கு மாற்றுச் சிகிச்சையும் கொடுத்துக் குறைக்கவேணும்.

• சம்பளம் பெறும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். பேரப்பிள்ளைகள் அல்ல.

இதற்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே செய்யக்கூடியது: பார்மசியில் இலவச நலொக்சோன் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கோ. ஒபியோயிட்டோடு நித்திரைக் குளிசையும் சேர்த்து எடுக்கிறாரா என்று பாருங்கோ, அந்தச் சேர்க்கை மூச்சை நிறுத்தும். ஆனால் போத்தலைப் பறித்து எறியாதேங்கோ. இரண்டையும் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. சில நாள் விட்டுவிட்டுப் பழைய அளவைத் திரும்ப எடுத்தால் அதுவே கொல்லும். முதலில் இருந்து கதையுங்கோ, பிறகு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ.

தெருவில் இருக்கிற பெடியனுக்காக நிற்கிற அதே வரிசையில் அம்மம்மாவும் நிற்கிறா. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரே எதிரி, ஒரே போராட்டம்.

தோழமையுடன்.