டிரம்மைப் பிடியுங்கள்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களைக் கொன்றது ஊறல் அல்ல, மெத்தனால். இதைக் குடிசையில் காய்ச்ச முடியாது. இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எடுத்து, உயர் அழுத்தத்தில் செம்பு வினையூக்கியின் மேல் செலுத்தித் தயாராகும் ஆலைச் சரக்கு. பெயின்ட், பிசின் தொழில்களுக்கு வேண்டியதுதான். பார்வைக்கு எத்தனால் மாதிரியே நிறமற்றது. குடிப்பவருக்கு வாசனையிலும் பிடிபடாது. கல்லீரல்தான் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தின்கிறது. அதுவும் உடனே அல்ல. பல மணி நேரம் கழித்துக் கண் மங்கும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். பாக்கெட் விற்றவரைக் கைது செய்வது சரி, போதாது. லைசென்ஸோடு ஆலையில் ஏறிய டிரம் எங்கே இறங்கியது, எத்தனை லிட்டர் குறைந்தது என்று கணக்குப் பார்க்க என்ன தடை?