வீட்டிலேயே ஸ்டுடியோ... முதல் செலவு எதற்கு?

1989-ம் ஆண்டு, சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான். பெயர் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’. விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த அந்த இளைஞரின் முதல் படமான ‘ரோஜா’ 1992-ல் வெளிவந்தது. அதன் பாடல்கள் உருவானது அந்த வீட்டுக்கூடத்தில்தான். அமெரிக்காவில் பில்லி ஐலிஷின் முதல் ஆல்பமும் இதே ரகம். லாஸ் ஏஞ்சலீஸில் பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் உருவான அந்த ஆல்பம் 2019-ல் வெளியாகி, அடுத்த ஆண்டே ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ கிராமி விருதை வாங்கியது.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டதும் பல வீடுகளில் ஆசை துளிர்க்கிறது. பாட்டு கற்கும் மகள், கிடாரும் கையுமாகத் திரியும் மகன், ஓய்வுபெற்ற பின் பழைய பாடல்களைப் பாடிப் பதிவுசெய்ய விரும்பும் தாத்தா... யாருக்காகவோ ஆன்லைனில் ஒரு ‘ஸ்டுடியோ கிட்’ ஆர்டர் செய்யப்படுகிறது. பெட்டி வருகிறது, மைக் மாட்டப்படுகிறது, பாடியும் ஆகிவிட்டது. போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலிருக்கிறது!

இதில் போன பணம்கூடப் பெரிதில்லை. ‘என் குரல் இவ்வளவுதானா?’ என்று பாடியவர் மனம் உடைந்துபோவதுதான் பெரிய நஷ்டம். மைக் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். பாட்டும் கூடவே போய்விடலாம். ஆனால், குற்றம் பெரும்பாலும் குரலில் இருப்பதில்லை. அறையில் இருக்கிறது.

கையைத் தட்டிப் பாருங்கள்!

நம் வீடுகளில் சுவர் சிமென்ட், தரை டைல்ஸ், மேலே கான்கிரீட். மூன்றுமே ஒலியைத் திருப்பியடிப்பவை. பாடும் குரல் மைக்கில் ஒருமுறை நேராக விழும். சுவர்களில் மோதிய அதே குரல் கொஞ்சம் தாமதமாகத் திரும்பத் திரும்ப வந்து விழும். விலை உயர்ந்த மைக் இந்த எதிரொலியையும் சேர்த்துத் துல்லியமாகப் பதிவுசெய்யும். அதைப் பிறகு மென்பொருளில் முழுசாக நீக்குவது கடினம்.

ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டினாலே போதும். ‘ணங்’ என்று ஓசை நீண்டால் அந்த அறை வேண்டாம். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி உள்ள படுக்கையறையில் தட்டினால் ஓசை சட்டென்று அடங்கும். அதுதான் ஸ்டுடியோ. ஸ்டீல் பீரோ மட்டும் அருகில் வேண்டாம். குரலுக்கு அதுவும் சேர்ந்து அதிரும்.

கனமான ரஜாயோ ஜமக்காளமோ ஒன்றை, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடலாம். மைக் பாடுபவரை நோக்கியே இருப்பதால், அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் அதில் அதிகம் விழுகிறது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தெருச்சத்தத்தைத் தடுக்காது. எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது. மெல்லிய ஸ்பாஞ்ச் ஷீட்டும் வெளிச்சத்தத்தை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? நேரத்தை மாற்றுவதே சுலபமான வழி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, குக்கர் விசிலும் தெருவியாபாரிகளின் குரலும் ஓய்ந்த நேரத்தில் பதிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த மைக்?

வீட்டுப் பதிவுக்கு முக்கியமாக இரண்டு வகை. கண்டென்சர் மைக் நுட்பமானது. மூச்சுக் காற்று, வீணையின் மெல்லிய கமகம், பக்கத்து வீட்டு நாய், எல்லாவற்றையும் பிடிக்கும். பெரும்பாலான கண்டென்சர் மைக்குகளுக்கு ‘ஃபேண்டம் பவர்’ எனப்படும் 48 வோல்ட் மின்சாரம் தேவை. டைனமிக் மைக் அவ்வளவு நுட்பமில்லை. அருகில் நின்று பாட வேண்டும். ஆனால், அறையின் குறைகளை அது அந்த அளவுக்குக் காட்டிக்கொடுக்காது.

‘டைனமிக் என்றால் மேடைக்குத்தானே, ஸ்டுடியோவுக்கு ஆகுமா?’ என்ற சந்தேகம் வேண்டாம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவுசெய்ய ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது ஷ்யூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்தான்.

சத்தமான தெரு, எதிரொலிக்கும் அறை என்றால் டைனமிக். அமைதியான, துணிமணி நிறைந்த அறை, வீணை அல்லது புல்லாங்குழல் என்றால் கண்டென்சர். எதுவானாலும், முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் ‘கார்டியாய்டு’ வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். சத்தம் வரும் ஜன்னல், மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கும்படி வைக்கலாம்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி நல்ல தொடக்கம். தள்ளிப்போகப் போக நேர்க்குரல் குறையும், எதிரொலி அப்படியே இருக்கும். ‘ப’, ‘ப்’ வரும் இடங்களில் காற்று மோதாமலிருக்க பாப் ஃபில்டர் வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக்கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நடுவில் ஒரு பெட்டி

மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குப் புரியும்படி மாற்றுவது ஆடியோ இன்டர்ஃபேஸ். யுஎஸ்பி மைக்கில் இது உள்ளேயே இருக்கும். தனியாகப் பாடிப் பதிவுசெய்ய மட்டும் என்றால் யுஎஸ்பி மைக்கே போதும். நாளை பாட்டும் கிடாரும் ஒரே நேரத்தில் வேண்டும், மிருதங்கத்தின் இரு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வேண்டும் என்றால், இரண்டு மைக்கைச் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ் நல்லது. பிறகு மைக்கை மாற்றினாலும் இந்தப் பெட்டி கூடவே இருக்கும்.

வாங்கும்முன் மூன்று கேள்விகள்: 48 வோல்ட் ஸ்விட்ச் இருக்கிறதா? தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்க ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி உண்டா? வீட்டிலிருக்கும் லேப்டாப்புக்கோ போனுக்கோ பொருந்துமா?

ஸ்பீக்கர் பிறகு, ஹெட்போன் முதலில்

மானிட்டர் ஸ்பீக்கர் மேஜையில் நின்றால் கம்பீரம்தான். ஆனால், சின்ன அறையில் பேஸ் ஓசை ஒரு மூலையில் அதிகமாகவும் இன்னொரு மூலையில் குறைவாகவும் கேட்டு ஏமாற்றும். அதே பணத்தில் ஒரு பங்குக்கு, காதை முழுதாக மூடும் ‘க்ளோஸ்டு பேக்’ ஹெட்போன் கிடைக்கும். சுருதியோ கரோக்கியோ காதுக்குள்ளேயே இருக்கும், மைக்கில் கசியாது. புளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி தாமதமாக வருவதால் தாளம் தப்பும்.

மென்பொருளுக்கு இப்போதைக்குப் பணம் வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டு இலவசம். ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழு வசதியுடன் பயன்படுத்திப் பார்க்கலாம். பதிவில் ‘உம்ம்...’ என்று இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், பிளக் பாயின்ட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது.

30,000 ரூபாய் இருந்தால்...

இன்டர்ஃபேஸுக்கு 12,000. மைக்குக்கு 8,000. ஹெட்போனுக்கு 5,000. ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், பாப் ஃபில்டருக்கு 2,500. மீதி 2,500 கனமான திரைச்சீலை, ஜமக்காளத்துக்கு. பட்ஜெட் பாதிதான் என்றால் யுஎஸ்பி மைக், ஹெட்போன், ஸ்டாண்டு, திரைச்சீலை என்று தொடங்கலாம். எதைக் குறைத்தாலும் திரைச்சீலையைக் குறைக்க வேண்டாம்.

ஆர்டர் போடும்முன் ஒரு காரியம். ஒரே பாட்டின் ஒரே பல்லவியை ஹால், படுக்கையறை, திறந்த துணி அலமாரியின் முன் என மூன்று இடங்களில் போனில் பதிவுசெய்யுங்கள். போன் ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, எது எங்கே பாடியது என்று சொல்லாமல் கேளுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம் மற்றவற்றைவிட நன்றாக இருக்கும். பாடியவருக்கே தன் குரல் புதிதாகக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, அப்புறம் மைக்கைத் தேடலாம்.