மேடையோடு முடிவதா சாதனை?

அரபிக் கல்லூரிகளின் பட்டமளிப்பு விழா என்றால் திண்டுக்கல், பேகம்பூர் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. ஸனது பெறும் இளைஞருக்குத் தலைப்பாகை சூட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், துஆச் செய்கிறோம். நல்லதே. ஆனால், அன்பர்களே, ஒரு கலாசாலையின் சாதனை அம்மேடையோடு முடிந்துவிடுவதா?

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அஃலா ஹஜ்ரத் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் நிறுவிய அக்கலாசாலையில் ஓதிய அப்துல் ஹமீது பாகவி அவர்கள், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்தளித்தார்கள். அரபி அறியாத தாய்மார்களும் இறைவசனங்களின் பொருளை உணர்ந்தனர். அதுவன்றோ சாதனை! ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கெய்ரோவின் அல் அஸ்ஹரிலும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மருத்துவமும் பொறியியலும் மார்க்கக் கல்வியோடு ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. பெண்களுக்கும் தனிக் கல்லூரி அமைந்தது.

நம்மில் பலரோ, பள்ளிப் படிப்பில் பின்தங்கிய பிள்ளையையே மத்ரஸாவுக்கென ஒதுக்குகிறோம். இறைவனின் மார்க்கத்திற்கு எஞ்சியதைக் கொடுப்பது முறையாகுமா? ஓதி வந்த ஆலிமுக்கும் குடும்பம் நடத்தப் போதாத ஊதியத்தையே பல மஹல்லாக்கள் தருகின்றன. அன்றாடக் கவலையில் உழல்பவர் நூல் எழுதுவது எவ்வாறு?

மஹல்லா நிர்வாகிகளே, பொன்னாடைக்குப் பதில் நல்ல கிதாபுகளை வழங்குங்கள். இமாமின் ஊதியத்தை உயர்த்துங்கள். பெற்றோரே, கூர்மதி படைத்த பிள்ளையையும் மார்க்கக் கல்விக்கு அனுப்புங்கள். இன்னொரு பாகவி நம் ஊரிலிருந்தும் தோன்ற அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.