விதை கொடுப்போரே, விலை கொடுப்பீரா?

‘மரபு வேளாண்மையை மீட்போம்’ என்னும் முழக்கம் இன்று மேடைதோறும் ஒலிக்கிறது. நன்று. ஆனால், உழவர் தம் மரபை மறந்துவிட்டார், அவருக்கு விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்று அம்மேடைகளில் கூறப்படுவதை மட்டும் ஏற்பதற்கில்லை. தருமபுரி உழவர் எதனையும் மறக்கவில்லை. அவர் கைவிடும்படி விலை வைத்தவர்கள் நாம்.

மானாவாரிக் கொல்லையில் கேழ்வரகு விதைத்தவர், அதனூடே அவரையும் துவரையும் சால் விட்டார். மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று குடும்பத்தைக் காத்தது. கேழ்வரகோ எளிதில் பூச்சி பிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பஞ்சத்திற்கு அதுவே காப்பீடு. சித்தேரி மலைவாழ் மக்களுக்குச் சாமையும் அவ்வாறே. இவற்றை ஒதுக்கியது மறதியன்று, வரவு செலவுக் கணக்கு! 1960களின் பிற்பகுதி தொட்டு ஆராய்ச்சியும் கொள்முதலும் நெல்லையும் கோதுமையையுமே சூழ்ந்து நின்றன. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஏழையின் அடுப்பு எரிய அது செய்த உதவியை மறுப்பது நன்றிகேடு. ஆயினும், விலையில்லாச் சோற்றோடு விலையுள்ள களி எங்ஙனம் போட்டியிடும்?

‘இப்பொழுதுதான் நிதி வந்துவிட்டதே!’ என்பர். வந்தது உண்மையே. 2023-24இல் சிறுதானிய இயக்கத்திற்கு 82 கோடி ரூபாயும், 2024-25இல் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்திற்கு 206 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. அரிசியை மையமாகக் கொண்ட உணவு மானியமோ ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடியைத் தாண்டி நிற்பது. ஆற்றைத் திருப்பிவிட்டு, வறண்ட வயலுக்குக் கைக்குடத்தால் நீர் வார்ப்பதா மீட்பு?

உருப்படியான செயல் ஒன்று நடந்தது. அதனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 மே மாதம் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. உழவரிடமிருந்து நேரே கொள்முதல். உண்பவரிடம் நேரே விநியோகம். சொற்பொழிவு செய்யாததை ஒரு தராசு செய்தது. குவிண்டாலுக்கு 2022-23இல் 3,578 ரூபாயாக இருந்த கேழ்வரகின் ஆதரவு விலை 2025-26இல் 4,886 ஆயிற்று. சாமைக்கும் தினைக்கும்? மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் அவற்றின் பெயரே இல்லை!

உஷ்ரைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தை நம் மதரஸாக்களில் ஓதாதார் யார்? வான்மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைத்ததற்கு இருபதில் ஒன்று. உழைப்பும் செலவும் மிகுந்தால் கடமை பாதியாகக் குறைகிறது. உழவனின் வியர்வையைக் கணக்கில் கொண்ட சட்டம் அது. உரலில் சாமையின் உமி நீக்கித் தோள் நோகும் மலைப்பெண்ணின் வியர்வையை நம் விலைப்பட்டியல் எங்கே எழுதியிருக்கிறது?

‘இயற்கை வேளாண்மையால் இலங்கை கெட்டதே’ என்று அச்சுறுத்துவோரும் உளர். 2021இல் அங்கு நிகழ்ந்தது என்ன? இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டது. மாற்றுக்குரிய காலமும் பொருளும் உழவருக்குக் கொடுக்கப்படவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது. மாற்றத்தின் செலவை உழவன் தலையில் ஏற்றினால் மாற்றமும் மடியும், உழவனும் மடிவான் என்பதே அதன் பாடம். மரபு தீது என்பதன்று.

ஆகவே நிதியை விழாவிற்கும் விளம்பரத்திற்கும் இறைக்க வேண்டா. சாமைக்கும் தினைக்கும் ஆதரவு விலை வையுங்கள். மலையடிவாரத்திலேயே கொள்முதல் நிலையமும் உமி நீக்கும் இயந்திரமும் அமையுங்கள். பள்ளிச் சத்துணவிலும் விடுதிகளிலும் அவை நிலையாக இடம்பெறட்டும். உழவருக்கு விதையை இனாமாகக் கொடுத்துவிட்டு, விளைந்ததை வாங்க மறுப்பது உதவியன்று; ஏமாற்று. வாங்க ஆள் உண்டென்றால் விதைக்க அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.