ஓய்வூதியச் சேமிப்புக்கு ஏன் இந்தப் பூட்டு?

தேசிய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வெளியேறுவோர் தங்கள் சேமிப்பைப் பெறுவதற்கான விதிகளை, ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2025 டிசம்பரில் திருத்தியது. அரசுப் பணியில் அல்லாத சந்தாதாரர்கள் இனித் தங்கள் தொகையில் 80 சதவீதம் வரை ரொக்கமாகப் பெறலாம். எஞ்சிய 20 சதவீதத்துக்கு மட்டும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் 'ஆன்யுட்டி' எனப்படும் ஆண்டுத்தொகைத் திட்டத்தை வாங்கினால் போதும். அரசு ஊழியர்களுக்கோ பழைய விதியே தொடர்கிறது: 60 சதவீதம் கையில்; 40 சதவீதம் கட்டாய ஆண்டுத்தொகையில். மொத்தச் சேமிப்பு ரூ.8 லட்சத்துக்கு மிகாதவர்கள் மட்டும், எந்தப் பிரிவினராயினும், முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் பிறந்து, ஒரே அளவு சேமித்து, ஒரே ஊரில் ஓய்வு பெறும் இருவரில் ஒருவரது பணத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மற்றவரது பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கும் பூட்டப்படுகின்றன. முதுமையில் பணம் தீர்ந்துபோகும் என்ற அச்சம்தான் பூட்டுக்குக் காரணம் என்றால், தனியார் நிறுவன ஊழியரைவிட அரசு ஊழியர் ஊதாரி என்று ஆணையம் எதைக் கொண்டு முடிவு செய்தது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் 2003-க்கு முன்பே கல்லூரிப் பணியில் சேர்ந்தவன். பழைய ஓய்வூதியம் பெறுபவன். விலைவாசி உயரும்போது எனக்கு அகவிலைப்படி உயர்கிறது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் எங்கள் தலைமுறைக்கு இருந்தது. 15 ஆண்டுகளில் அந்தப் பங்கு மீண்டும் ஓய்வூதியத்தோடு சேர்ந்துவிடும். எனவே இந்த விவாதத்தில் எனக்கு நேரடி ஆதாயம் எதுவும் இல்லை. எனக்குப் பின் பணிக்கு வந்தவர்களுக்கு இவை எதுவும் இல்லை என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

கட்டாய ஆண்டுத்தொகை உண்மையில் என்ன தருகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2004 ஜனவரி 1-க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த ஒருவர் ரூ.50 லட்சம் சேமிப்புடன் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். 40 சதவீதம் என்பது ரூ.20 லட்சம். வாழ்நாள் முழுவதும் தொகை பெற்று, மறைவுக்குப் பின் முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகை ஆண்டுத்தொகைக்கு இன்று தோராயமாக 6 முதல் 7 சதவீதம் வரை கிடைக்கிறது. 6.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு ரூ.1,30,000, மாதம் ரூ.10,833. இந்தத் தொகை அவர் 60 வயதில் பெறுவதும் 80 வயதில் பெறுவதும் ஒன்றே. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால், 75 வயதில் அந்தப் பணம் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ.5,200-க்குத்தான் பொருள் வாங்கும். இதற்கு வருமான வரியும் உண்டு.

அதே ரூ.20 லட்சத்தை அவர் அஞ்சலகத்துக்கு எடுத்துச் சென்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ரூ.1,64,000 கிடைக்கும். ஆண்டுக்கு ரூ.34,000 வித்தியாசம். இரண்டு திட்டங்களும் ஒரே அரசின் கண்காணிப்பில் இருப்பவை. ஒரு கையால் 8.2 சதவீதத்தை நீட்டும் அரசு, மறு கையால் 'நீ அங்கே போகக்கூடாது' என்று தடுக்கிறது. அஞ்சலகத் திட்டம் ஐந்தாண்டுக்கானது, நீட்டிக்கும்போது வட்டி மாறலாம், ரூ.30 லட்சம் என்ற உச்சவரம்பும் உண்டு என்பது உண்மை. ஆண்டுத்தொகையோ நூறு வயதானாலும் நிற்காது. நீண்ட ஆயுள் என்ற இடருக்குக் காப்பீடு தேவைப்படுபவர் அதை விரும்பி வாங்கட்டும், அதில் பிழையில்லை. கட்டாயம் என்பதுதான் கேள்வி.

பொருளியல் வகுப்புகளில் நாங்கள் இதை 'ஆண்டுத்தொகைப் புதிர்' என்று கற்பித்தோம். வாரிசுக்கு எதையும் விட்டுச் செல்ல விரும்பாத பகுத்தறிவுள்ள மனிதர், தன் சேமிப்பு முழுவதையும் ஆண்டுத்தொகையாக மாற்றிக்கொள்வதே நலம் என்று மெனாஹெம் யாரி 1965-இல் நிறுவினார். ஆனால் உலகில் எங்குமே மக்கள் அப்படிச் செய்வதில்லை. பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுச் செல்ல வேண்டும். மருத்துவமனைச் செலவு எப்போது வரும் என்று தெரியாது. அடமானத்தில் இருக்கும் வீட்டை மீட்க வேண்டும். நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது புதிரே அல்ல.

சிதறால், அருமனை, குலசேகரம் பகுதிகளில் ஓய்வு பெறுவோர் பலருக்குக் கொஞ்சம் ரப்பர் நிலம் இருக்கும். மரங்கள் முதிர்ந்து பால் வற்றியிருந்தால் வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். புதிய கன்று பால் வெட்டும் நிலைக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு ஆண்டுச் செலவுக்கு 60 வயதில் கையில் முதல் வேண்டும். முதல் இருந்தால் 67 வயதில் தோட்டம் வருமானம் தரத் தொடங்கும். விலைவாசியோடு சேர்ந்து ஓரளவு உயரவும் செய்யும். ரப்பர் விலை தரையில் விழுந்த ஆண்டுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அது இடர் இல்லாத முதலீடு அல்ல. ஆனால் தன் நிலத்தையும் தன் உடலையும் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட தில்லியில் விதி எழுதுபவருக்குத் தெரியாது. மாதம் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாயை வைத்து யாரும் தோட்டம் போட முடியாது.

பூட்டின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் 2013-இன் 20-ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சந்தை சார்ந்த உத்தரவாதம் தவிர, பலன்களுக்கு வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எந்த உறுதியும் கிடையாது என்பது ஒன்று. வெளியேறும்போது சந்தாதாரர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆண்டுத்தொகை வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகிறது: 'உன் முதுமைக்கு நான் பொறுப்பில்லை; ஆனால் உன் பணத்தை நீ எப்படிச் செலவிட வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன்.'

பூட்டு என்பது ஒரு வாக்குறுதிக்கான விலை. அரசு வாழ்நாள் முழுவதும் விலைவாசிக்கு ஈடுகொடுக்கும் ஓய்வூதியத்தை உறுதி செய்யுமானால், அதற்கு ஈடாக என் சேமிப்பை வைத்துக்கொள்ளக் கேட்பதில் நியாயம் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. 25 ஆண்டுப் பணிக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 50 சதவீதத்தையும் அகவிலை நிவாரணத்தையும் அது உறுதி செய்கிறது. வாக்குறுதி அங்கே இருக்கிறது, பூட்டும் இருக்கலாம். வாக்குறுதியைத் தராமல் பூட்டை மட்டும் வைத்துக்கொள்வதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

தமிழகத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆனால் தமிழக அரசு தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இணையவில்லை. ஊழியரிடம் பிடித்த 10 சதவீதம், அரசின் சமபங்கு, வட்டி எல்லாம் சேர்த்து ஓய்வின்போது மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. மாத ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அதாவது, இந்தக் கட்டுரை கேட்கும் 'முழுத்தொகையும் கையில்' என்பது தமிழக அரசு ஊழியருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்தே வந்தது. அதைப் பெற்றவர்கள் மகிழவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களும் ஊழியர்களும் தெருவுக்கு வந்து கேட்டது மாத ஓய்வூதியத்தைத்தான். 2026 ஜனவரியில் மாநில அரசு, கடைசி ஊதியத்தில் 50 சதவீதத்தை உறுதி செய்யும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது.

பணத்தைக் கொடுத்தபோது ஓய்வூதியம் கேட்டார்கள், ஓய்வூதியம் கொடுத்தால் பணத்தைக் கேட்கிறார்கள் என்று ஒரு முன்னாள் உயரதிகாரி என்னிடம் அலுத்துக்கொண்டார். அவர் சொல்வதில் முரண் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இரு தரப்பினரும் கேட்பது ஒன்றையே. தமிழக ஊழியர் கேட்டது அரசு பொறுப்பேற்கும் ஓய்வூதியத்தை. தேசியத் திட்டத்தின் சந்தாதாரருக்குக் கிடைப்பது காப்பீட்டு நிறுவனத்திடம் தன் சொந்தக் காசில் வாங்கும் ஒரு பண்டம். அதற்கு ஓய்வூதியம் என்று பெயர் சூட்டியதால் அது ஓய்வூதியம் ஆகிவிடாது.

பூட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தை எங்கள் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 2017-இல் கேரள எல்லையை ஒட்டி இயங்கிய நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடப்பட்டபோது, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வெளிநாட்டில் உழைத்த பணம், நிலம் விற்ற பணம், பணிக்கொடைப் பணம் எல்லாம் அதில் இருந்தன. ஓய்வு பெறும் தேதி தெரிந்த நாளிலிருந்து தரகர்களும் நீண்டநாள் தொடர்பில்லாத உறவினர்களும் வீட்டு வாசலில் வந்து நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மகள் திருமணத்துக்குக் குமரி மாவட்டத்தில் ஆகும் செலவைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவின் அனுபவமும் இந்த அச்சத்தை வலுப்படுத்துகிறது. 1951-இல் தொடங்கிய அந்நாட்டின் ஊழியர் சேமநிதியில் உறுப்பினர் 55 வயதில் முழுத்தொகையையும் எடுக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் முன்கூட்டியே எடுக்கவும் அனுமதித்தார்கள். சுமார் 14,500 கோடி ரிங்கிட் வெளியேறியது. ஓய்வுக்காலத்துக்குக் கையில் ஏதும் மிஞ்சாத உறுப்பினர்கள் இன்று அங்கே பெரும் கவலையாக இருக்கிறார்கள். அவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு.

சிங்கப்பூர் மறுதிசையில் சென்றது. பணம் எடுக்கும் வயதை 55-லிருந்து உயர்த்தலாம் என்று 1984-இல் ஓர் அரசுக் குழு சொன்னதற்கே ஆளுங்கட்சி அவ்வாண்டுத் தேர்தலில் விலை கொடுத்தது. எனினும் 1987-இல் குறைந்தபட்சத் தொகை விதி வந்தது. 2009-இல் வாழ்நாள் வருமானத் திட்டம் வந்தது. 2014-இல் ஹாங் லிம் பூங்காவில் 'எங்கள் சேமநிதியைத் திருப்பித் தாருங்கள்' என்று மக்கள் கூடினார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே வாழ்நாள் வருமானத்தைத் தருவது மத்திய சேமநிதிக் கழகமே. வணிக நிறுவனம் அல்ல. குறிப்பிட்ட தொகைக்கு மேல் உள்ள சேமிப்பை 55 வயதில் எடுத்துக்கொள்ளலாம். பூட்டுக்கு ஓர் அளவும் அதன் பின்னே ஒரு பொறுப்பாளரும் இருக்கிறார்கள்.

பிரிட்டன் 2015 ஏப்ரலில் பூட்டையே கழற்றியது. 55 வயதைக் கடந்தவர் தன் பங்களிப்பு ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் எடுக்கலாம். கால் பங்குக்கு வரியில்லை. எடுப்பவர்கள் ஆடம்பரக் கார் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அரசு ஓய்வூதியம் அடியில் இருக்கும்வரை அது அவரவர் விருப்பம் என்ற பொருளில் அன்றைய ஓய்வூதிய அமைச்சர் ஸ்டீவ் வெப் பதிலளித்தார். அடித்தளம் இருந்ததால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

நம் நாட்டில் அந்த அடித்தளம் எங்கே இருக்கிறது? ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் கீழ்க் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ரூ.1,000 என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். நான் இதை எழுதும்வரை அதில் மாற்றமில்லை. எங்கள் பகுதி முந்திரி ஆலைகளில் தோல் உரித்து விரல் கருத்துப்போன பெண்களுக்கும் இந்தத் திட்டம்தான். பத்தாண்டுப் பணி முடித்துவிட்டால் அவர்கள் அந்த நிதியைத் திரும்பப் பெறவும் முடியாது. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளும் வசதியும் 2008-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குப் பின்னாலும் ஒரு பூட்டு.

ஆகவே, வரிசை மாற வேண்டும். முதலில் அடித்தளம்: ஆயிரம் ரூபாயை உயர்த்தி, அதை விலைவாசிக் குறியீட்டோடு இணைக்க வேண்டும். அடுத்து, ஒருங்கிணைந்த திட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலேயே இருந்துவிட்ட மத்திய அரசு ஊழியர்களுக்கு, தனியார் துறையினருக்குத் தந்த 80 சதவீதத்தையாவது உடனே தர வேண்டும். இதற்கு விதித்திருத்தமே போதும். எஞ்சிய பங்கை ஆண்டுத்தொகையில் போடுவதா, அஞ்சலகச் சேமிப்பிலா, அரசுக் கடன் பத்திரத்திலா என்பதைச் சந்தாதாரர் முடிவு செய்யட்டும். அதற்குச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். 60 வயதுக்கு முன் வெளியேறுவோரின் 80 சதவீதத்தைப் பூட்டும் விதி வேறு வகை; வேலையிழந்த 45 வயதுக்காரர் சேமிப்பைக் கரைத்துவிடுவார் என்ற கவலையில் ஓரளவு பொருள் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மோசடி நிறுவனங்களிடமிருந்து ஓய்வு பெற்றோரைக் காப்பது காவல்துறையின், ரிசர்வ் வங்கியின், முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தின் வேலை. அந்த வேலை நடக்காததற்குத் தண்டனையாகச் சேமித்தவரின் பணத்தைப் பூட்டுவது சரியாகாது. அப்படியே அச்சம் இருந்தாலும், கையில் கொடுக்கும் 60 சதவீதத்தைத் தரகர் தொடமாட்டார், மற்ற 40 சதவீதத்தைத்தான் தேடி வருவார் என்பதற்கு என்ன ஆதாரம்? மத்திய பணியாளர் நலத்துறையும் ஆணையமும் இந்த 40 என்ற எண்ணுக்கான கணக்கீட்டை வெளியிடட்டும். மகேந்திரகிரியிலும் தும்பாவிலும் கூடங்குளத்திலும் ரயில்வேயிலும் பணியாற்றும் குமரி மாவட்டத்துக்காரர்களில் 2004-க்குப் பின் நடுத்தர வயதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஓய்வு பெறத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டுத்தொகைப் படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு, பின்னால் வரும் எந்தத் திருத்தமும் பணத்தைத் திருப்பித் தராது.