எண்பது ரூபாய்க் குழல்

தில்லியில் தசரா நாட்களில் நடைபெறும் பொருட்காட்சிகளுக்குச் சென்றவர்கள் குழல் விற்பவரைக் கண்டிருப்பார்கள். தோளில் ஒரு நீண்ட கழி. அதன் உச்சியில் மரக்கிளைகளைப் போல நாற்புறமும் செருகப்பட்ட மூங்கில் குழல்கள். பழைய இந்தித் திரைப்பாடல் ஒன்றை மனமுருக வாசித்தவாறே அவர் கூட்டத்தினூடே நடப்பார். அந்த இசையில் மயங்கி நாமும் ஒரு குழலை வாங்குகிறோம். வீட்டிற்கு வந்து ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. சில நாட்களில் ஓசை பிறக்கிறது; இசை பிறப்பதில்லை. குழல் அலமாரியின் மேல்தட்டுக்குச் சென்றுவிடுகிறது.

சென்ற ஆண்டு பத்து வயதுப் பேத்திக்கு அவ்வாறு ஒன்றை எண்பது ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். வாய்ப்பாட்டு வகுப்புக்குச் செல்பவள் ஆதலால் கைபேசியில் தம்புராவை ஒலிக்கவிட்டு, தனக்குத் தெரிந்த வரிசைகளை ஊதிப் பார்த்தாள். மூன்று வாரம் கழித்துக் குழலை என்னிடமே திருப்பித் தந்தாள். "தாத்தா, எனக்குச் சுருதியே சேரமாட்டேங்குது. எனக்குப் பாட்டு வராது போலிருக்கு" என்றாள்.

ஏறத்தாழ இதே சொற்களை நான் என் இருபத்தெட்டாம் வயதில் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, அதன்பின் எந்த வாத்தியத்தையும் தொடாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இம்முறை அதை அப்படியே விட மனம் வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் இந்துஸ்தானிக் குழல் கற்பிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்றோம். அவர் அந்தக் குழலை வாங்கித் துடைத்து ஒரு சிறு மெட்டை வாசித்தார். இனிமையாகவே இருந்தது! குழந்தையின் முகம் மேலும் வாடியது. குற்றம் குழலில் இல்லை, தன்னிடம்தான் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டதல்லவா? பெரியவர் சிரித்தார். பிறகு உதட்டையும் குழலையும் சிறிதும் அசைக்காமல் ஊதிக் காட்டினார். மேல் மூன்று துளைகளை மூடினால் ஸட்ஜம்; ஆறையும் மூடினால் கீழ்ப் பஞ்சமம். அவர் தம்புராவை ஸட்ஜத்துக்கு இசைய வைத்தார். பஞ்சமமோ கால் சுரத்துக்கு மேல் விலகி நின்றது. "குழந்தையின் காது சரியாக இருக்கிறது. அதனால்தான் அவளால் இதை வாசிக்க முடியவில்லை" என்றார்.

அனுபவமுள்ளவர் குழலைச் சற்றே உள்ளே உருட்டியும் வெளியே திருப்பியும், மூச்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொரு சுரத்தையும் அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். பொருட்காட்சி விற்பனையாளர் செய்வதும் இதுவே. தொடங்குபவருக்கு அந்த வித்தை தெரியாது. "முதலில் ஏதாவது மலிவானதில் பழகட்டும், பிறகு நல்லது வாங்கலாம்" என்று நாம் சொல்லும் வழக்கம், என் கருத்தில், முற்றிலும் தலைகீழானது. சுருதி சுத்தமான குழல் வித்வானைவிட மாணவருக்கே அதிகம் தேவை.

அப்படியானால் மலிவான குழலை ஒதுக்கிவிட வேண்டுமா? அதற்கும் நான் உடன்படமாட்டேன். வீணையிலும் வயலினிலும் விலையின் பெரும்பகுதி மரத்துக்கும் மாதக்கணக்கான உழைப்புக்கும் போகிறது. மேனாட்டு வெள்ளிக் குழல்களின் விலை இலட்சங்களைத் தொடும். மூங்கில் குழலில் செலவாகும் பொருளோ மிகக் குறைவு. பன்னாலால் கோஷ் 32 அங்குல நெடுங்குழலை உருவாக்கி இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தபோதும், தெற்கே சரப சாஸ்திரி குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியபோதும், அவர்கள் கையிலிருந்தது மூங்கில்தான்.

குழல் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் நகருக்கு மூங்கில் அசாமிலிருந்து வருகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிடுகிறார்கள். சிக்கல் எழும் இடம் இதுவே. இயற்கையில் விளைந்த எந்த இரு மூங்கில்களுக்கும் உட்குழிவு ஒன்றாக இராது. சுவரின் தடிமனும் மாறும். ஆகவே ஒவ்வொரு துளையும் அந்தந்த மூங்கிலுக்கேற்பக் காதால் கேட்டுத் திருத்தப்பட வேண்டும். நூற்றுக்கணக்கில் செய்து மொத்த விலைக்கு அனுப்பும் தொழிலாளிக்கு அதற்கு நேரம் ஏது? அளவுகோலை வைத்து வரிசையாகச் சுட்டுவிடுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை; நாம் கொடுக்கும் விலைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். எனினும் சில மூங்கில்கள் அந்த அளவுக்குத் தற்செயலாகப் பொருந்திவிடுவதும் உண்டு. அவை அதே கழியில், அதே விலையில் தொங்குகின்றன.

இதே காரணத்தால் இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. பிளாஸ்டிக் குழாயின் உட்குழிவு முழுவதும் ஒரே சீராக இருப்பதால், ஒரு குழாய்க்குச் சரியான அளவு அடுத்ததற்கும் சரியாகவே அமையும். நாதத்தில் மூங்கிலின் கனிவு அதற்கு இல்லை. ஆனால், திருத்தப்படாத மூங்கிலைவிட, நன்கு அளந்து செய்த பிளாஸ்டிக் குழல் தொடக்கநிலை மாணவருக்கு உகந்தது. சங்கீத ரசிகர்கள் என்னை மன்னிப்பார்களாக.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் எளியவை. எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதுங்கள். பிறகு விரல்களை மாற்றாமல் அழுத்தி ஊதுங்கள். இரண்டாவது ஒலி முதலாவதன் மேல் ஸ்தாயியாகத் துல்லியமாக ஒலிக்க வேண்டும். தம்புரா செயலியோடு ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒப்பிடுங்கள். உங்களுக்கு ஊத வராவிட்டால், வரக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உதட்டை அசைக்காமல் ஊதுமாறு அவரிடம் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். எந்த மரபைக் கற்கப்போகிறோம் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: வடஇந்தியக் குழலில் பொதுவாக ஆறு விரல்துளைகள், கர்நாடகக் குழலில் எட்டு. குழந்தையின் விரல்களுக்கு நெடுங்குழல் எட்டாது. தில்லியின் ஜனவரிக் காலையில் நல்ல குழலும் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். சிறிது நேரம் ஊதிச் சூடேறிய பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பெரியவர் தமக்குத் தெரிந்த கைவினைஞரிடமிருந்து நானூற்றைம்பது ரூபாயில் ஒரு குழல் தருவித்துக் கொடுத்தார். ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவைவிடக் குறைவு. பேத்தி இப்போது யமன் ராகத்தில் இருக்கிறாள்.

இவ்வாண்டு தசராவுக்கு மீண்டும் பொருட்காட்சிக்குச் சென்றோம். கைபேசியில் தம்புராவை ஒலிக்கவிட்டு, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, கழியிலிருந்த குழல்களை அவள் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். விற்பவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தாமே ஆர்வத்தோடு எடுத்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். பதினோராவது குழலில் அவள் நின்றாள். இருமுறை ஊதிவிட்டு, "இது உங்களுக்கு, தாத்தா" என்று என்னிடம் நீட்டினாள்.

விலை தொண்ணூறு ரூபாய். ஓராண்டில் பத்து ரூபாய் ஏறியிருந்தது.