மூளியை ஏசியது போதும்!

நல்லதங்காள் நாடகத்தைப் பார்த்துக் கண்ணீர் விடாத தமிழ்ப் பெண் உண்டோ? அழுதவர்கள் யாரை ஏசினார்கள் என்பதே நம் கேள்வி.

கதை எல்லோரும் அறிந்தது. மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வந்தது. ஏழு பிள்ளைகளோடு அருச்சுனாபுரத்துக்கு, அண்ணன் நல்லதம்பியை நாடி வந்தாள். அண்ணன் வேட்டையில், வீட்டில் இருந்தவள் அண்ணி மூளி அலங்காரி. கதவை அடைத்தாள். பின்பு ஓட்டைச் சட்டியும் பச்சை விறகும் கொடுத்துப் பொங்கித் தின்னச் சொன்னாள். மனமுடைந்த தாய் பிள்ளைகளைப் பாழுங்கிணற்றில் வீசித் தானும் விழுந்தாள். மேடையில் மூளி தோன்றினாலே சபை கொதிக்கும்; அவள் தண்டிக்கப்பட்டால் கைதட்டும். சிவனும் உமையும் மாண்டவரை எழுப்ப, மங்களம் பாடி எல்லோரும் கலைவர்.

மூளி செய்தது கொடுமையே. அவளுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆயினும் கேட்கிறோம்: பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் குடிகளையும் காக்காமல், பெற்ற பிள்ளைகளையும் காக்காமல் இருந்த காசிராசனை யார் ஏசினார்? சீர்வரிசையோடு கடன் தீர்ந்தது, பிறந்த வீட்டில் இனி அவளுக்குப் பிடி மண்ணும் இல்லை என்று விதித்த வழக்கத்தை யார் ஏசினார்? பங்கு இல்லாதவள் அண்ணியின் சட்டியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அந்த அண்ணிக்கு மட்டும் என்ன உரிமை? அவள் இருப்பும் புருஷன் தயவு. இரண்டு ஏதுமற்றவர்களை ஒரு சட்டிக்கு மோதவிட்டு, ஆண்மக்கள் வேட்டைக்குப் போன கதையன்றோ இது!

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் வரவே 1989 ஆயிற்று.

நம் மலையகத்துக்கு வருவோம். 1876-78 பெரும் பஞ்சம் போன்ற பஞ்சங்களே நம் முன்னோரைக் கடல் கடத்தின. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மடிந்தோர் எத்தனை பேர்! அவர்கள் உழைத்த மண்ணில் 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கிட்டது. அண்ணன் நீலகிரிக்குப் போனான். தங்கை ஹட்டனில் நின்றாள். அருச்சுனாபுரத்து நல்லதங்காளுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருந்தது. இவளுக்கு அதுவும் கடலுக்கு அப்பால்.

இவள் பறித்த கொழுந்துக்கு ஆணுக்கு நிகரான சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. அதையும் புருஷனோ தகப்பனோ கைநீட்டி வாங்கிய வழக்கத்தை நாம் அறிவோம். தாலி கட்டியவன் குடித்து அடித்தால், இரவில் பிள்ளைகளோடு எங்கே போவாள்? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவுக்குள் அவனே துரை. மாமியும் நாத்தியும் சேர்ந்து அவளை மூளி என்பர்!

இப்போது ஏழு பேர்ச் காணி, பத்து பேர்ச் காணி என்று மேடைதோறும் பேசுகிறார்கள். (ஏழு பிள்ளைக்கு ஏழு பேர்ச் என்று யாரோ கணக்குப் போட்டார்கள் போலும்.) நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் செய்யும் விவசாயிகளே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே! கொழுந்துக் கூடை சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்க நாற்காலிகளில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நாற்காலிக்காரர் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும்போது, காணி எத்தனை பேர்ச் என்று மட்டும் கேளாதீர். உறுதியில் மனைவியின் பெயரும் எழுதப்படுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.